முதலில் ஊரைக் கேளுங்கள்



கிராமத்துக்கு இணையம் வந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஊர் வீராம்பட்டினம். புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கும் மீனவர் கிராமம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. செல்போன் ஊருக்குள் நுழையாத காலம் அது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து கம்பியில்லாத் தொடர்பு வழியே மற்ற ஊர்களுக்குத் தகவல் போகும். மின்வெட்டுக்குச் சூரிய மின்தகடு கைகொடுத்தது. சாதி பார்க்காமல் எல்லோரும் வந்துபோகும் இடத்தில்தான் மையம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பல மையங்களை ஊர்ப் பெண்களே நடத்தினார்கள்.

உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஊர்க்காரர்களிடம் முதலிலேயே கேட்டார்கள். விவசாயிகளுக்கு விளைபொருள் விலை தெரிய வேண்டியிருந்தது. மீனவர்களுக்கு, நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. அந்த விவரம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்தது. அலை உயரக் கணிப்பை அதிலிருந்து எடுத்துத் தமிழில் வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் காதிலும், எழுத்தறியாதவர் காதிலும் அது ஒன்றுபோல விழுந்தது. கணினியைத் தொட்டறியாதவருக்கும் அதன் பயன் கிடைத்தது.

2004 டிசம்பர் 26 அன்று, பக்கத்திலிருக்கும் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. அங்கே வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துப் பதறி, வீட்டாரை எச்சரித்தார். உடனே தகவல் மையத்து ஒலிபெருக்கி அலறியது. வீடுகளும் படகுகளும் சேதமாயின. ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள். வெளியூர் போன பிள்ளையின் பாசமும் ஊரில் தயாராக இருந்த கருவியும் சேர்ந்து செய்த காரியம் அது.

இன்று அதே நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி, காற்றின் வேகம், அலை உயரம், மீன் கிடைக்கக்கூடிய இடம், கடல் எல்லை எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறது. கருவி மாறிவிட்டது, மீனவரின் கேள்வி மாறவில்லை. கிராமத்துக்கான எந்தத் தொழில்நுட்பமும் இப்படி ஊரின் கேள்வியிலிருந்துதான் பிறக்க வேண்டும். நகரத்தில் உட்கார்ந்து முடிவுசெய்து அனுப்பும் திட்டம் பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்கும்.

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வழியே இணையம் வரத் தொடங்கியிருக்கிறது. நகரத்தில் வாழும் வாசகர்களே, உங்கள் சொந்த ஊருக்கு அது வந்துவிட்டதா? பள்ளிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்ததா? மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஒரு முறையாவது ஊருக்குப் போய் அதில் உட்காருங்கள். ஊருக்கு என்ன தேவை என்று பெரியவர்களையும் பெண்களையும் பேசச் சொல்லிக் கேளுங்கள். அதைத் தீர்மானமாக எழுதவையுங்கள். படித்த படிப்பால் ஊருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி இதுதான்.

அன்புடன்,
ஆசிரியர்