60 டெசிபெலுக்கு இப்பால்

செவித்திறன் குறைந்தோரின் காதிரைச்சலுக்குச் செவித்துணைக் கருவி பயன்தருமா? 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வில் தேறியது 91 பேர் பங்கேற்ற ஒரே ஆய்வுதான். ஆயினும், சான்று போதாமை என்பது பயனின்மைக்குச் சான்றாகாது. செவித்திறன் குறைவு உரையாடலைப் பாதிக்குமாயின், காதிரைச்சல் உள்ளோர்க்குக் கருவி வழங்குக என்றே பிரிட்டனின் 2020ஆம் ஆண்டு நைஸ் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, இரு செவிகளிலும் 60 டெசிபெல் இழப்பிலிருந்தே குறைபாட்டைக் கணக்கிடுகிறது. பிவண்டியின் விசைத்தறிக் கூடத்தில் உழைத்து 45 டெசிபெல் இழந்த நெசவாளி, இரவெல்லாம் இரைச்சலோடு விழித்திருந்தாலும், சட்டத்தின் கணக்கில் குறைபாடற்றவர். 40 விழுக்காட்டுச் சான்றிதழ் கோரும் ஒன்றிய அரசின் உதவிக்கருவித் திட்டமும் அவருக்கு எட்டாது.

ஊனத்தைச் சான்றளிக்க வகுத்த எல்லையே உதவிக்கும் எல்லையாதல் தகாது. உரையாடலில் ஒருவர் இழப்பதும் அளவுகோலாக வேண்டும்.