மருந்துக்குக் குறுக்கே நிற்பது எது?

எச்.ஐ.வி. கிருமி உற்றோர் மருத்துவம் பெறாது வாடுவதற்கு வறுமையே காரணம் என்போர் உளர். அவர்தம் இரக்கத்தை மதிக்கிறோம், முடிவை ஏற்பதற்கில்லை.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாக 1986-இல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். கண்டறிந்தோர் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும். அந்நாளில் மருந்துக்கு வழியில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. தொடக்க நிலையங்களுள் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையும் ஒன்று. நாள்தோறும் தவறாது உண்போர் நெடுங்காலம் உழைத்து வாழ்கின்றனர். இரத்தத்தில் கண்டறிய இயலாத அளவுக்குக் கிருமி குறைந்து நிலைத்துவிட்டால், உடலுறவாலும் அது பிறருக்குப் பரவுவதில்லை.

அப்படியாயின் தடை எங்கே? நம் நாவிலன்றோ!

ஆரணியை எண்ணிப் பாருங்கள். நெசவாளிக்குத் தறி வீட்டுக்குள்ளே. பாவும் ஊடையும் கூலியும் முதலாளியிடமிருந்து. தெருவில் ஒரு சொல் கசிந்தால் அடுத்த பாவு வருமா? "பட்டு இருப்பில் இல்லை" என்ற ஒரு வாக்கியம் போதாதா, ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்க? இதற்கு அஞ்சுபவர், தெரிந்த முகம் இல்லாத தொலைவூர் மருத்துவமனையையே நாடுவார். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். வேலை நெருக்கும் மாதத்தில் பயணம் தவறும், மருந்தும் தவறும். விட்டுவிட்டு உண்ணும் மருந்துக்குக் கிருமி பணிய மறுக்கும்.

சட்டம் இல்லையா? உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள சட்டம், வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் முறையீட்டு அலுவலரை அமர்த்தும் கடமை, மருத்துவ நிலையமாயின் 20 பேரும், ஏனையவாயின் 100 பேரும் கொண்ட நிறுவனங்களுக்கே. வீட்டுத் தறிக்கு அலுவலர் ஏது?

"ஊரைக் காக்கவே சொல்கிறோம்" என்பார்கள். தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒருவர் நெய்த சேலையை மற்றவர் உடுத்துவதாலோ இது பரவாது. பின் எதிலிருந்து ஊரைக் காக்கிறார்கள்? வசைக்கு அஞ்சியவர் பரிசோதனைக்கே வாரார். மருந்தின்றி இருப்பவரிடமிருந்தே கிருமி பிறருக்குச் செல்கிறது. ஆகவே புறம் பேசுவோர் காப்பது ஊரையன்று, நோயையே.

பட்டு முதலாளிகளுக்கும் தெருப் பெரியவர்களுக்கும் நாம் கூறுவது இதுதான்: பாவு கொடுக்கும்போது நெசவைப் பாருங்கள், நெய்பவரின் இரத்தத்தைப் பார்க்காதீர்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குக் காரணம் கேட்காதீர்கள். எவரேனும் வந்து காதோடு காதாக ஓதினால், அச்சொல் உங்களோடு நிற்கட்டும்.