பெட்டிக்குள் உறங்கும் விண்கலங்கள்

1967 அக்டோபர் 20 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரின் ஒரு கதையில் சிதைந்துபோன ஒரு விண்கலம் வரும். கான்ஸ்டலேஷன் என்று பெயர். எஞ்சின் கூடுகள் கருகி, தட்டு வடிவ முன்பகுதி பிய்ந்து, ஆளில்லாத வீடு மாதிரி விண்வெளியில் மிதக்கும். அதைச் செய்ய ஸ்டுடியோக்காரர்கள் பெரிய பட்டறை எதையும் தேடிப் போகவில்லை. ஏஎம்டி என்ற நிறுவனம் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த, தொடரின் முக்கியக் கலமான எண்டர்பிரைஸின் பிளாஸ்டிக் கிட்டை வாங்கி ஒட்டி, அதைச் சிதைத்துக் கரியாக்கிப் படம் பிடித்தார்கள். கலத்தின் பதிவெண்ணுக்கும் மெனக்கெடவில்லை. கிட்டோடு வந்த 1701 என்ற ஸ்டிக்கரின் இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டினார்கள், 1017 ஆகிவிட்டது.

பள்ளிப் பையன் சேமித்த காசில் வாங்கி வந்து வீட்டில் ஒட்டியதும், கோடிக்கணக்கானோர் திரையில் பார்த்ததும் ஒரே பொருள்தான். விண்கல மாடல் கிட் என்ற பொழுதுபோக்கின் பெருமையே இங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்று அந்தப் பெருமையை மறந்து, கிட்டைப் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் அடுக்கிவைப்பதைச் சேகரிப்பு என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள் கிழியாமல் இருந்தால்தான் மதிப்பு என்கிறார்கள். இது சரியான போக்கு இல்லை. கிட் என்பது பாதி முடிந்த பொருள். மீதிப் பாதி வாங்கியவரின் கையில் இருக்கிறது.

திரையில் பறந்த கலங்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் வேலை நடந்தது. மாடல் செய்தவர்கள் டாங்க், போர்க்கப்பல், விமானம், பந்தயக் கார் என்று கடையில் கிடைத்த கிட்டுகளைக் குவியல் குவியலாக வாங்கி உடைத்தார்கள். டாங்கின் சக்கர அச்சு ஒரு கலத்தின் வயிற்றில் குழாயானது. காரின் எஞ்சின் துண்டு இன்னொன்றின் முதுகில் ஏதோ இயந்திரமானது. கண்ணுக்கு அர்த்தம் தெரியாத அந்தச் சின்னச் சின்னத் துண்டுகள்தான் மூன்றடிப் பொருளை மைல்கணக்கில் நீளமுள்ள கப்பலாகப் பார்வையாளரை நம்பவைத்தன. படத்தின் தொடக்கத்தில் திரையின் மேல் விளிம்பிலிருந்து இறங்கி வந்துகொண்டே இருக்கும் அந்த ராட்சதக் கலத்தின் மாடல் உண்மையில் மூன்றடிதான். அது துரத்திக்கொண்டு போகும் 'சின்ன' கலத்தின் மாடலோ அதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிது!

அதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தச் சின்னக் கலம் முதலில் கதாநாயகர்களின் கலமான மில்லேனியம் ஃபால்கனாக வடிவமைக்கப்பட்டது. 1975இல் வந்த 'ஸ்பேஸ் 1999' தொடரின் ஈகிள் கலத்தோடு சாயல் ஒத்துப்போனதால் அதை வேறு கலமாக மாற்றிவிட்டு, ஃபால்கனைப் புதிதாக வட்டத்தட்டு வடிவில் செய்தார்கள். இன்று ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த 1/72 அளவு ஃபால்கன் கிட்டைப் பிரித்தால், அந்த நாளில் டாங்கிலிருந்தும் காரிலிருந்தும் பிய்த்து ஒட்டிய துண்டுகளின் வடிவங்கள் அச்சில் வார்த்து வந்திருப்பதைப் பார்க்கலாம். கிட்டிலிருந்து சினிமாவுக்குப் போனது மறுபடி கிட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. இந்தச் சுற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாமா?

சேகரிப்பவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பாதுகாத்தவர்கள் இல்லையென்றால் பல பொருள்கள் குப்பைக்குப் போயிருக்கும். ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' படத்துக்காகச் செய்த மாடல்களில் பெரும்பாலானவை அழிந்தே போயின. தப்பிய நிலவுக்கலம் ஒன்றை 2015இல் ஆஸ்கர் அகாடமி 3,44,000 டாலருக்கு ஏலம் எடுத்தது. எண்டர்பிரைஸின் முதல் மாடல், மூன்றடி நீளம் உள்ளது, 1970களின் பிற்பகுதியில் காணாமல் போய், 2023இல்தான் இணைய ஏலம் ஒன்றில் தலைகாட்டியது. மறு ஆண்டு அது 'ஸ்டார் டிரெக்' தொடரை உருவாக்கிய ராடன்பெரியின் மகன் கைக்கு வந்து சேர்ந்தது. கிரெக் ஜைன் என்ற மாடல் கலைஞர் பாதுகாத்து வைத்திருந்த, 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் எக்ஸ்-விங் கல மாடல் ஒன்று, அவர் 2022இல் மறைந்த பிறகு ஏலத்துக்கு வந்து 31 லட்சம் டாலரைத் தாண்டியது. ஜைன் வெறும் சேகரிப்பாளர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்பீல்பெர்க்கின் 'குளோஸ் என்கவுன்டர்ஸ்' படத்தின் தாய்க்கலத்தைச் செய்தவர் அவர். அந்த மாடலின் விளிம்புகளில் ஒரு தபால்பெட்டி, ஒரு வேன், 'ஸ்டார் வார்ஸ்' ரோபோ ஆர்2-டி2 எல்லாம் ஒளிந்திருப்பதை வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். செய்யத் தெரிந்தவர் சேகரித்தார். அதனால்தான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்தது.

ஆனால் இவையெல்லாம் ஒன்றே ஒன்று என்று இருக்கும் பொருள்கள். ஆலையில் ஆயிரக்கணக்கில் அச்சாகி வந்த கிட்டுக்கு அந்த மரியாதையைக் கொடுப்பது பொருந்தாது. பழைய கிட் கிடைக்காது என்ற வாதமும் வலுவிழந்துவிட்டது. ஏஎம்டியின் பெயரில் பழைய கிட்டுகளை ரவுண்ட் 2 நிறுவனம் திரும்பத் திரும்ப வெளியிடுகிறது. அரோரா நிறுவனம் '2001' படத்துக்காகக் கொண்டுவந்த விண்கலங்களை மோபியஸ் நிறுவனம் மீண்டும் கொண்டுவந்தது. விலை ஏறும் என்று பொத்திப் பொத்தி வைத்தவர்களுக்கு மறுபதிப்பு வந்ததும் கணக்கு தப்பிப்போகிறது. அதைவிட முக்கியம், பிரிக்காத பெட்டிக்குள்ளும் காலம் வேலை செய்கிறது. தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்த் தாள் மஞ்சளாகிறது. இருபது முப்பது ஆண்டு கழித்துத் தண்ணீரில் போட்டால் உடைந்த அப்பளம் மாதிரி துண்டு துண்டாக மிதக்கிறது.

ஒட்டும் வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பழைய எண்டர்பிரைஸ் கிட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்தாகப் பாகங்கள். கட்டரால் வெட்டி, முனையில் நிற்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை சாதாரணப் பசை இல்லை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து, இரண்டு விளிம்பையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கும் திரவம். மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் சேர்த்து அமுக்கும்போது இணைப்பு நெடுக உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாகப் பிதுங்கி வர வேண்டும். வந்தால் இணைப்பு சரி. அவசரப்படாமல் காயவிட்டு, 400, 600, 1000 என்று படிப்படியாக மென்மையான உப்புத்தாளுக்கு மாறித் தேய்த்தால் கோடு மறையும். மறையாத இடத்தில் பட்டி பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சாம்பல்நிற பிரைமர் அடித்தால், விரலுக்குத் தட்டுப்படாத பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். மறுபடி தேய்ப்பு. கார் ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் பார்ப்பவர்களுக்கு இந்தப் பொறுமை நன்றாகத் தெரியும்.

அந்தக் கிட்டுக்கென்று ஒரு பேர்போன கோளாறும் உண்டு. நீளமான எஞ்சின் கூடுகள் இரண்டும் மெல்லிய தண்டுகளின் மேல் நிற்கின்றன. ஒட்டிய சில மாதங்களில் அவை சரிந்து தொங்கிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் ஒட்டுவதற்கு முன்பே தண்டுக்குள் பித்தளைக் கம்பியைச் செருகிவிடுவார்கள். எடை எங்கே விழுகிறது, இணைப்பு எதைத் தாங்கும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுப்பதைவிட அந்தத் தொங்கும் எஞ்சின் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

தொடரின் படப்பிடிப்புக்காகச் செய்த பெரிய எண்டர்பிரைஸ் மாடல் 11 அடி நீளம். 1974 முதல் ஸ்மித்சோனியன் வசம் இருக்கிறது. முழுமையாகப் பழுதுபார்த்து 2016இல் வாஷிங்டன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதற்கு இடப்பக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. விளக்குகளுக்கான மின்கம்பிகள் அந்தப் பக்கமாக வந்ததால் பெரும்பாலும் வலப்பக்கத்தையே படம்பிடித்தார்கள். இடப்பக்கத்தை முடிக்காமலே விட்டுவிட்டார்கள். வீட்டில் கிட் ஒட்டியவரின் மேசையில் இருப்பதோ இரண்டு பக்கமும் நிறைந்த முழுக் கலம். 1/350 அளவுக் கிட் என்றால் முடிக்கும்போது 80 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும்.

கணினி வரைகலை வந்த பிறகு இந்தக் கைவேலைக்கு என்ன தேவை என்ற கேள்வியும் வருகிறது. 2019இல் 'தி மண்டலோரியன்' தொடருக்கு முழுக்கவும் கணினியிலேயே கலத்தைக் காட்டியிருக்க முடியும். ஆனாலும் மாடல் கலைஞர் ஜான் குட்சன் கையால் ஒரு மாடலைச் செய்தார். அதைப் படம்பிடிக்கும் கருவியை, ஃபோட்டோஷாப் மென்பொருளைத் தன் சகோதரரோடு சேர்ந்து உருவாக்கிய ஜான் நோல் தன் வீட்டு கராஜில் அமைத்தார். கணினி வரைகலையில் கரைகண்ட மனிதர் அவர். உண்மையான பொருளின் மேல் உண்மையான வெளிச்சம் விழுவதற்கு மாற்று இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் பெரிய அளவுக் கிட்டைத் தொட வேண்டாம். 1/1000 அளவு எண்டர்பிரைஸ் ஓர் அடிக்குள் அடங்கும்; முதல் முயற்சியில் கெட்டுப்போனாலும் மனசு ஆறும். பசை வேண்டாம் என்றால் அழுத்தினாலே பொருந்தும் பண்டாய் கிட்டுகள் இருக்கின்றன. ஏற்கெனவே வாங்கி அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டைப்பெட்டியின் மூடியையும் செய்முறைத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். அவற்றுக்கு மதிப்பு உண்டு. உள்ளே இருக்கும் கலத்தை இந்த விடுமுறைக்கே வெளியே எடுத்து, வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒட்டத் தொடங்குங்கள். எஞ்சின் தண்டுக்குள் பித்தளைக் கம்பி வைக்க மறந்துவிடாதீர்கள்.