ஒரு தரம்... ரெண்டு தரம்...

சின்ன வயதில் திருவிழா என்றால் செலாமா பக்கத்தில் தாத்தா இருந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவோம். மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்ததும் எலுமிச்சம்பழ ஏலம் நடக்கும். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று கோயில் தலைவர் இழுத்துச் சொல்லச் சொல்ல விலை ஏறும். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பழம் ஐம்பது வெள்ளிக்குப் போகும். வாங்கியவர் ஏமாந்துவிட்டார் என்று யாரும் சொன்னதில்லை. காசு கோயிலுக்குப் போகிறது. பழம் கண்ணெதிரே இருக்கிறது. யார் கேட்டார், யார் வேண்டுமென்றே ஏற்றிவிட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

போன மாதம் நானும் ஓர் ஏலத்தில் இறங்கினேன். தைப்பிங்கில் வழக்கம்போல் சாயங்கால மழை. வீட்டு வாசலில் உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே வந்தபோது ஓர் ஏலத் தளத்தில் அது கண்ணில் பட்டது. மரப்பெட்டியில் பழைய வால்வு ரேடியோ. தாத்தா வீட்டில் இருந்ததும் இதே மாதிரிதான். தோட்டத்தை விட்டு வந்தபோது லாரியில் இடமில்லாமல் விட்டுவிட்டு வந்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். அவருக்கு இந்த ஆண்டு எழுபது வயது. மகளோ ரேடியோவில் பேசிச் சம்பாதிக்கிறாள். இதைவிடப் பொருத்தமான பிறந்தநாள் பரிசு உண்டா?

ஆரம்ப விலை 80 ரிங்கிட். 200-க்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். யாரோ 210 கேட்டார். எனக்குக் கோபம் வந்தது! என் ரேடியோவை இன்னொருவர் எடுக்கப் பார்க்கிறாரே என்ற கோபம். 250, 300, 350. கடைசி எட்டு விநாடியில் 355 கேட்டு இன்னொருவர் தட்டிக்கொண்டு போனார்.

ஏலத் தளங்களின் கவர்ச்சி இதுதான். கடையில் பொருளை வாங்குகிறோம், ஏலத்தில் ஜெயிக்கிறோம். 1995-இல் பியர் ஒமிடியார் அமெரிக்காவில் தொடங்கிய தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. அதில் முதலில் விற்றது ஒரு பழுதான லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. நம் நாட்டிலும் 1998-இல் 'லெலோங்' என்ற பெயரிலேயே ஒரு தளம் வந்தது. மலாய்க்காரர் சொல்லும் 'லெலோங்', நாம் சொல்லும் 'ஏலம்' இரண்டுமே போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தவை. சொல் ஒன்றுதான். ஆனால் கோயில் ஏலத்தில் தெரிகிற முகம் இங்கே தெரியாது. விலையை ஏற்றிவிடுபவர் விற்பவரின் கூட்டாளியாகவும் இருக்கலாம். ஒரே ஆள் இரண்டு பெயரில் கேட்கலாம்.

என் கதை அங்கே முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "ஏலத்தில் ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார். அடுத்து நீங்கள்தான். 350-க்கே தருகிறேன். தளத்துக்குக் கட்டணம் போகாமல் நேரடியாக என் கணக்கில் போட்டுவிடுங்கள்."

போட்டேன். அன்று காலைதான் நிகழ்ச்சியில் இணைய மோசடி பற்றி நேயர்களை எச்சரித்திருந்தேன். 997 என்ற எண்ணையும் இரண்டு முறை சொன்னேன்.

ரேடியோ வரவில்லை. விற்றவர் எண்ணும் அடங்கிவிட்டது. வெட்கத்தில் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் பெரிய தவறு. 997 தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண். பணம் போன உடனே அழைத்தால்தான் அடுத்த கணக்குக்குப் போகுமுன் தடுக்கப் பார்க்க முடியும். நான் அழைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போலீஸ் புகார் மட்டும் கையில் இருக்கிறது.

ஏலத் தளமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கடையில் கிடைக்காத பழைய நாணயம், தபால்தலை, இசைத்தட்டு எல்லாம் அங்கேதான் கிடைக்கின்றன. இறங்குமுன் உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பல தளங்களில் அந்த விலையை ஒரே முறை பதிந்துவிட்டால் போதும், தேவையான அளவு மட்டும் அதுவே ஏற்றிக் கேட்கும். அதற்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் விற்பவரைப் பற்றி எழுதியதைப் படியுங்கள். அஞ்சல் செலவையும் கணக்கில் சேருங்கள். தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் அந்த நிமிடமே விலகுங்கள். போலீஸின் 'செமாக் மியூல்' பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டால் அதன்மீது புகார் இருக்கிறதா என்று காட்டும். புகார் இல்லை என்பதற்காக ஆள் நல்லவர் என்றும் நம்பிவிட வேண்டாம்.

கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரியில இடம் இல்லன்னு சொன்னது பொய்ம்மா. வீடு மாறக் காசு இல்ல, நாந்தான் அத வித்துட்டேன். அறுபது வெள்ளி. தாத்தா ஒரு வாரம் எங்கிட்டப் பேசல."

அப்புறம் சிரித்தார். "வாங்குன சீனரு பாட்டு வருதான்னு அர மணி நேரம் உக்காந்து கேட்டுட்டுத்தான் காச எடுத்தாரு."