முதியோரை நடக்க வைப்பது எது?

"அம்மா, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் இருங்கோ" என்ற சொல் புலம்பெயர்ந்த எமது இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கின்றது. அன்பினால் பிறக்கும் சொல்தான். ஆயினும், அச்சொல்லே பெற்றோரின் கால்களுக்கு விலங்காகி விடுகின்றதோ என்ற ஐயம் எமக்கு நெடுநாளாக உண்டு.

முதுமையில் நடமாட்டம் நின்றால் உடல் விரைவிலேயே தளர்ந்துவிடும். 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக்காக, உடல்நலமுள்ள முதியோர் சிலர் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருந்தனர். அப்பத்து நாட்களுக்குள் அவர்தம் கால்களின் தசை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்துபோயிற்று. 2014 இல் வெளியான பிறிதோர் ஆய்வில் 70 முதல் 89 வயது வரையான 1,635 பேர் பங்குபற்றினர். ஒரு சாரார் ஒழுங்காக நடைப்பயிற்சி செய்தனர். மறுசாரார் பெரும்பாலும் சுகாதார விளக்கவுரைகளையே கேட்டனர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில், 400 மீற்றர் தூரம் நடக்கும் வல்லமையை முதற்சாராரில் நூற்றுக்கு 30 பேரும், மறுசாராரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேற்பட்டோரும் இழந்தனர். கேட்பதனால் மட்டும் கால்கள் வலுப்பெறுவதில்லை என்பது இதனால் தெளிவாகின்றது.

அவ்வாறாயின், முதியவரை எழுந்து நடக்கத் தூண்டுவது எது? ஊரில் எமது பெற்றோர் உடல்நலத்துக்கென்று நடந்ததில்லை. சந்தைக்கு நடந்தனர், கோயிலுக்கு நடந்தனர், பத்திரிகை பார்க்க வாசிகசாலைக்கு நடந்தனர், ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும், அயல்வீட்டு நன்மை தீமைக்கும் நடந்தனர். நடை அவர்களுக்கு ஒரு தனி வேலையாக இருக்கவில்லை. போவதற்கு ஓரிடம் இருந்தது, அங்கே "ஏன் இன்னும் காணவில்லை?" என்று தேட ஒருவர் இருந்தார். ரொறன்ரோவின் நிலக்கீழ் வீட்டில் அவர்கள் இழந்தது இவ்விரண்டையுமே.

பாடசாலையில் பல ஆண்டுகள் கற்பித்த எமக்கு ஓர் உண்மை தெரியும். "நேரத்துக்கு வா" என்று நூறு முறை சொல்லியும் திருந்தாத மாணவன், மணி அடிக்கும் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து முதல் ஆளாக வந்து நிற்பான். மனித மனம் முதுமையிலும் அவ்வாறே இயங்குகின்றது. தம்மை ஒருவர் எதிர்பார்க்கின்றார் என்ற நினைவு முழங்கால் நோவையும் ஓரளவு மறக்கச் செய்யும்.

இங்குள்ள தடைகளை நாம் சிறிதாக எண்ணவில்லை. முதலாவது பணம். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை இங்கிருந்தவாறு பெறுவதற்கு 65 வயதுடன், 18 வயதின் பின்னர் பத்து ஆண்டுகளேனும் இந்நாட்டில் வாழ்ந்திருத்தலும் வேண்டும். பிற்காலத்தில் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தவருக்கு அதுவரை கையில் தமக்கென்று ஒரு சதமுமில்லை. பஸ் கட்டணத்தை மகனிடமோ மருமகளிடமோ கேட்கக் கூசி வீட்டோடு இருந்துவிடுவோர் பலர். வாழ்நாளெல்லாம் கொடுத்துப் பழகிய கை கேட்பதற்கு எளிதில் நீளாது. இரண்டாவது, உறைபனியில் வழுக்கி விழும் அச்சம். அது நியாயமானதே. ஆனால் அச்சத்தினால் அசையாதிருந்தால் கால்கள் மேலும் தளர்ந்து, விழும் ஆபத்து கூடுகின்றது. 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான மதிப்பீடு, சமநிலைக்கும் அன்றாட இயக்கங்களுக்குமான பயிற்சிகள் விழுதலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைப்பதாகக் கூறுகின்றது.

ஆகவே பிள்ளைகளிடம் நாம் வேண்டுவது இது. மாதத் தொடக்கத்தில் பயணச் செலவை, கேளாமலே பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள். வழுக்காத சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுங்கள். பேரப்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து அழைத்துவரும் பொறுப்பை அப்பப்பாவிடமோ அம்மம்மாவிடமோ, அவர்தம் உடல்நிலைக்கேற்ப, ஒப்படையுங்கள். கறிவேப்பிலை வாங்கும் வேலையாயினும் அவர்களுக்கென்று ஒன்று இருக்கட்டும். ரொறன்ரோ பொது நூலகத்தின் பல கிளைகளில் தமிழ் நூல்கள் உண்டு; முதல் முறை கூடச் சென்று வழியைக் காட்டிவிட்டால் அடுத்த முறை அவர்களே செல்வர்.

எமது சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஒரு சொல். ஆண்டுக்கொரு முறை முதியோரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. கிழமைதோறும் பகல் வேளையில், பஸ் வந்துசேரும் இடத்தில், அவர்கள் கூடுவதற்கு ஓர் அறை வேண்டும். அங்கே பூத்தொடுக்கவும், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கவும், ஊர்க்கதை பேசவும் வழி செய்யுங்கள். வராதவரின் வீட்டுக்கு அன்றே தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கவும் ஒருவரை நியமியுங்கள். ஐம்பதுகளில் நிற்கும் எமக்கும் அந்த அறை நாளை வேண்டியதே. இன்று அதனைத் திறந்து வைத்தால்தான் நாளை நாமும் அங்கே நடந்து செல்ல முடியும்.