மாமா எந்த வெளிநாட்டில்?

நத்தார் தாத்தா பொய் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது? லண்டனில் கார்த்திகை பிறந்தவுடன் பள்ளிக்கூட வாசலில் இந்தக் கதை தொடங்கிவிடும். ஏழு வயதில் சொல்லலாம் என்பார் ஒருவர். பத்து வரைக்கும் விடுங்கோ, பாவங்கள் என்பார் இன்னொருவர். வெள்ளைக்காரத் தாய்தகப்பனுக்கு இது நியாயமான கவலை. எம்மவர்களும் அதையே பார்த்தெழுதிக் கவலைப்படுகிறோம். எங்கள் வீடுகளுக்குள் சோற்றுப் பானையில் மறைத்த முழுப் பூசணிக்காய்கள் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறோம். மார்கழி மாதம் எங்களைப் போன்ற றெஸ்ரோரன்ற் தொழிலாளிகளுக்கு முதுகு முறிகிற மாதம். கந்தோர்க்காரரின் கிறிஸ்மஸ் பார்ட்டிகள் முடிந்து, கடைசிக் கோப்பையையும் கழுவி வைத்து, இரவு பஸ் பிடித்து வீடு வந்துசேர இரண்டு மணியாகும். அதற்குப் பிறகு இருந்து நத்தார் தாத்தாவின் பரிசுகளைச் சுற்றுவோம். கடந்த மார்கழியில் வகுப்பில் ஒரு பெடியன் விசயத்தைப் போட்டு உடைத்துவிட்டான். எங்கள் ஏழு வயது மகள் வந்து நேராகக் கேட்டாள். ஓம், நாங்கள்தான் என்றோம். அவள் அழவில்லை. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கனடா மாமாவின்ர பரிசும் நீங்களா வாங்கினது? ரெண்டு பேரின்ர கையெழுத்தும் ஒண்டுதானே" என்றாள்.

அந்தக் கனடா மாமா யார் என்று சொல்லவேண்டும். அவளுடைய தாயின் தம்பி. 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலம் கடந்து இராணுவத்திடம் போன சனத்தோடு போனவன். அவனைப் பிரித்தெடுத்து பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. சாமித்தட்டுக்குப் பக்கத்தில் அவனுடைய படம் இருக்கிறது. மாலை போட அம்மம்மா இன்றுவரை விடவில்லை. மூன்று வயதில் அந்தப் படத்தைக் காட்டி, மாமா எங்கே என்று பிள்ளை கேட்டாள். வெளிநாட்டில் என்றோம்.

இது எங்களுடைய கண்டுபிடிப்பு அல்ல. தகப்பனையோ மாமனையோ தேடிய எத்தனையோ ஊர்ப்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட பதில்தான். அங்கே அது கொஞ்சக்காலம் ஓடும். ஊர்ப்பிள்ளைக்கு வெளிநாடு என்பது கண்ணுக்கெட்டாத ஓரிடம். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு அது ஓடாது. நாங்கள் குந்தியிருப்பதே வெளிநாட்டில். "எந்த வெளிநாடு?" என்று கேட்டாள். கனடா என்றோம். பொய்க்கு ஒரு நாட்டைக் கொடுத்த பிறகு அதற்கு ஒரு பிறந்தநாள் பரிசும் ஒரு வாழ்த்து மட்டையும் கொடுக்கவேண்டி வந்தது. நாலு வருடம் கொடுத்தோம்.

கையெழுத்தைப் பிடித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகும், "இல்லையம்மா, அது மாமாதான் அனுப்பினவர்" என்று மறுபடியும் பொய் சொன்னோம். அதன் பலனை மூன்று கிழமை அனுபவித்தோம். அம்மம்மா உண்மையாகவே கோயிலடிக்குத்தான் போறவவா? இரவில் நீங்கள் வேலைக்குத்தானே போறனீங்கள்? நான் உங்களுக்குத்தானே பிறந்தனான்? ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி.

இந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கமானதுதான். ஹோம் ஒபிஸ் இன்ரவியூவில் ஒரு திகதி மாறினால் போதும், உங்களுடைய கதை நம்பத்தக்கதல்ல என்று கடிதம் வரும். முதுகில் இருக்கிற தழும்பையும் சேர்த்தே நம்பமாட்டார்கள். அது அநியாயம் என்று குசினிக்குள் நின்று கத்தியிருக்கிறோம். எங்கள் மகளும் அதே கணக்கைத்தான் போட்டாள். அவளுடைய கணக்கில் மட்டும் பிழை கண்டுபிடிக்க எங்களால் முடியவில்லை. நாங்கள் திகதியை மறந்தவர்கள் அல்ல. வேண்டுமென்றே மாற்றிச் சொன்னவர்கள்.

இந்த இடத்தில் எம்மவர் திருவள்ளுவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தைப் பெறும் என்று 292 ஆம் குறளில் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். சொல்லியிருக்கிறார். நாங்கள் மறுக்கவில்லை. யாழ். பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கத் தொடங்கி, முடிக்காமல் ஓடிவந்து கோப்பை கழுவுகிற எங்களுக்கு, கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லாதே என்று 1797 இல் எழுதிய கான்ட்டை விட வள்ளுவரே நெருக்கமானவர். துவக்கோடு வாசலில் நின்றவனிடம் "பெடியன் இஞ்சை இல்லை" என்று சொல்லிக் காப்பாற்றிய தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள். ஆனால் அந்தக் குறளை எடுத்துக் காட்டுகிறவர்கள் அதற்கு அடுத்த குறளை வாசிப்பதில்லை. நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்பது 293. நன்மை யாருக்கு என்ற கேள்வியையும் அவர்கள் கேட்பதில்லை. கனடா மாமாவால் எங்கள் மகளுக்குக் கிடைத்த நன்மை என்ன? நாலு பொம்மை. எங்களுக்குக் கிடைத்தது நாலு வருட நிம்மதி. பிள்ளையின் சந்தோசம் என்று நாங்கள் பேரிட்டு வைத்திருந்தது எங்களுடைய கோழைத்தனத்தை.

எல்லாப் பொய்யையும் ஒரே சாக்கில் கட்டச் சொல்லவில்லை. விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே அதே பல்லைத் தலையணைக்குக் கீழே வைத்தால் ஒரு தேவதை வந்து காசு வைத்துவிட்டுப் போகிறது. பிள்ளைக்கு இதில் நட்டம் ஒன்றுமில்லை. ஒருநாள் தானே கண்டுபிடித்துச் சிரிக்கும். பிறகு தங்கச்சிக்கு அதே கதையைச் சொல்லும். இவற்றுக்கு அவசரமில்லை. பிள்ளை உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கும்வரை விடலாம். கேட்ட பிறகு மழுப்பக்கூடாது. 1897 இல் நியூயோர்க்கில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நத்தார் தாத்தா இருக்கிறாரா, உண்மையைச் சொல்லுங்கள் என்று 'சன்' பத்திரிகைக்கு எழுதினாள். இருக்கிறார் என்று ஆசிரிய தலையங்கம் எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறார்கள். அவள் கேட்டது உண்மையை என்பதை மட்டும் எல்லாரும் மறந்துபோனார்கள்.

ஒரு மனிதன் இருக்கவேண்டிய இடத்தில் வைக்கப்படும் பொய் வேறு. அதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடமுடியாது. கலியாண வீட்டிலோ சாமத்திய வீட்டிலோ யாரோ ஒரு தூரத்து உறவு, வாயில் வடையோடு, "உன்ர மாமனையெல்லோ ஆமி கொண்டுபோனது" என்று சொல்லிவிடும். அதற்கு முன்னதாக எங்களுடைய வாயால் அது வரவேண்டும்.

பிள்ளையை வெருட்டச் சொல்லும் பொய்யை இன்றைக்கே நிறுத்தவேண்டும். சோறு தின்னாவிட்டால் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகும் என்கிறோம். குடிவரவு அதிகாரிகள் கடைக்குள் புகுந்தால் பின்கதவால் ஓடுகிறவர்கள் வேலை செய்யும் தொழில் எங்களுடையது. இந்த வெருட்டு எங்களுடைய பிள்ளைகளுக்கு வெறும் வெருட்டு அல்ல.

பெரியவர்களாகிய நாங்களே ஆறுதல் பொய்களைத் தின்று வளர்ந்தவர்கள் என்பதால்தான் இது இவ்வளவு கடினமாக இருக்கிறது. தலைவர் இறந்துவிட்டார் என்று இயக்கத்தின் சர்வதேசப் பொறுப்பாளராக இருந்த செல்வராசா பத்மநாதனே 2009 வைகாசி 24 இல் ஏற்றுக்கொண்டார். 2023 மாசி 13 இல் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், பிரபாகரன் நலமாக இருக்கிறார் என்று அறிவித்தார். எங்களுடைய குசினியில் இரண்டு பேர் அழுதார்கள், சந்தோசத்தில். அதே வருடம் மாவீரர் நாளில், தான்தான் மகள் துவாரகா என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்ணின் உரை இணையத்தில் வந்தது. ஐம்பது வயது ஆட்களுக்கு நத்தார் தாத்தா காட்டினார்கள். இப்படியான பொய்களை எங்களுக்கு ஊட்டுகிறவர்களை நாங்கள் கேள்வி கேட்காதவரை, எங்களுடைய பிள்ளைகளுக்கு நாங்கள் ஊட்டுவதையும் நிறுத்தமாட்டோம்.

மறுபக்கத்தில் அரசு நிற்கிறது. காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016 இல் சட்டம் போட்டார்கள். 2018 இல் அது இயங்கத் தொடங்கியது. 2020 தையில் கோட்டாபய ராஜபக்ச, காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் கொடுக்க நடவடிக்கை எடுக்கலாம் என்று ஐ.நா. வதிவிடப் பிரதிநிதியிடம் சொன்னார். யார், எங்கே, எப்படி, யாருடைய கையால்? அதற்குப் பதில் இல்லை. 2022 ஆடியில் அவரே நாட்டை விட்டு ஓடினார். பதில் இன்னும் வரவில்லை. செத்துவிட்டான், கடதாசியை வாங்கு என்கிறது அரசு. கனடாவில் இருக்கிறான், பரிசை வாங்கு என்றோம் நாங்கள். இரண்டும் அம்மம்மாவின் வாயை அடைக்கும் வேலைதான்.

உண்மை சொல்லவேண்டும் என்றவுடன், வைகாசி 18 க்கு நாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிதறிய உடல்களின் படங்களுக்கு முன்னால் நிறுத்துகிறவர்கள் எங்களைத் தங்களுடைய ஆட்கள் என்று எண்ணவேண்டாம். உண்மையைப் பிள்ளையின் தொண்டைக்குள் திணிப்பதும் பெரியவர்கள் தங்களுடைய சுமையை இறக்கி வைப்பதுதான். கேட்ட அளவுக்குச் சொல்லவேண்டும். அடுத்த கேள்வி வரும்வரை காத்திருக்கவேண்டும்.

தைப்பொங்கலுக்கு அடுத்தநாள் எங்களுக்கு லீவு. படத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னோம். மாமா கனடாவில் இல்லை. பரிசு நாங்கள் வாங்கினது. சண்டை முடிஞ்ச நேரம் ஆமி மாமாவைக் கூட்டிக்கொண்டு போனது. பிறகு எங்கை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. "செத்துப்போனாரா?" என்று கேட்டாள். தெரியாது என்றோம். "வருவாரா?" என்றாள். தெரியாது என்றோம். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒருவருக்கொருவர் கூடச் சொல்லாத சொல் அது.

பிறகு அம்மம்மாவின் கதை வந்தது. 2017 மாசி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் மகனின் படத்தோடு போய்க் குந்தினவ அவ. அதனால்தான் கோயிலடிக்குப் போறவ என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தோம். விலாசம் சரி, விசயம் பொய். பிள்ளைக்கு முன்னாலை அவனைப்பற்றிக் கதைக்காதேங்கோ என்று மனிசிக்கும் கட்டளை போட்டிருந்தோம்.

அடுத்த ஞாயிறு வட்ஸ்அப்பில் அம்மம்மா வந்தபோது, மாமாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்று மகள் கேட்டாள். அம்மம்மா எங்களைப் பார்த்தா. நாங்கள் தலையாட்டினோம். கணவாய்க்கறியும் புட்டும் என்று தொடங்கி, அவன் மாமரத்தால் விழுந்து கை முறிந்தது, சைக்கிளுக்காகச் சண்டை பிடித்தது என்று ஒரு மணித்தியாலம் கதைத்தா. எங்களுக்கே தெரியாத கதைகள். வேலைக்கு நேரமாகிவிட்டது. போனை மகளிடம் விட்டுவிட்டுப் படியிறங்கினோம்.