கையேடு சொல்வது ஒன்று, மென்பொருள் செய்வது வேறொன்று

போயிங் 737 மேக்ஸ் 8 ரக விமானத்தை உலகிலேயே முதன்முதலில் பயணிகளோடு பறக்கவிட்டது நம் நாட்டு மலிண்டோ ஏர்தான். 2017 மே 22ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு அந்தப் பயணம் நடந்தது. அதன் பிறகு சில மாதங்களிலேயே, அந்த ரக விமானத்தின் மென்பொருள் ஆவணத்தில் உள்ளபடி நடக்கவில்லை என்பதைப் போயிங் பொறியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். விமான நிறுவனங்களுக்கு அது சொல்லப்படவில்லை.

விஷயம் இதுதான். எதிர்வரும் காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதை அளக்க, விமானத்தின் மூக்குப் பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு உணரிகள் இருக்கின்றன. இரண்டும் காட்டும் அளவு 10 பாகைக்கு மேல் வேறுபட்டு, 10 வினாடிக்கு மேல் அப்படியே நீடித்தால், விமானியின் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்ற வேண்டும். எல்லா மேக்ஸ் விமானங்களிலும் இது உண்டு என்பதுதான் வடிவமைப்பு. விமானிகளின் கையேட்டிலும் அந்த எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று எழுதியிருந்தது. ஆனால் மென்பொருளோ, கூடுதல் பணம் கொடுத்துக் கோணமானியை வாங்கிய விமானங்களில் மட்டுமே அந்த எச்சரிக்கையைக் காட்டியது. பறந்துகொண்டிருந்த மேக்ஸ் விமானங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் அது வேலை செய்யவில்லை.

போயிங் இதை ஆராய்ந்து, பாதுகாப்புக்குப் பாதிப்பில்லை என்று முடிவு செய்தது. 2020இல் வரவிருந்த அடுத்த மென்பொருள் பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தது.

2018 அக்டோபர் 28ஆம் நாள் இரவு பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்த லயன் ஏர் விமானத்தில் ஓர் உணரி 21 பாகை பிசகிக் காட்டியது. எச்சரிக்கை வரவில்லை. வராததை விமானிகள் பழுதுக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவார்கள்? எழுதாத பழுதை மெக்கானிக் எப்படித் தேடுவார்? மறுநாள் காலை அதே விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். இந்தோனேசிய விபத்து விசாரணைக் குழு 2019இல் பட்டியலிட்ட ஒன்பது காரணங்களில் இந்த விடுபட்ட எச்சரிக்கையும் ஒன்று. விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிய எம்கேஸ் என்ற நிரல்தான் பெரிய காரணம் என்பதை மறுக்கவில்லை. அந்த நிரலைப் பற்றியும் விமானிகளின் கையேட்டில் அப்போது விளக்கம் இருக்கவில்லை.

கையேடும் நிரலும் முரண்பட்டால் எதைத் திருத்துவது என்று கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் கேட்பதுண்டு. நிரலைத்தான் என்று உடனே சொல்லிவிட முடியாது. எக்செலைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று தட்டி, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படியொரு நாளே இருந்ததில்லை. 1900ஐ 100ஆல் வகுக்கலாம், 400ஆல் வகுக்க முடியாது. ஆகவே அது நெட்டாண்டு அல்ல. முன்பு புழக்கத்தில் இருந்த லோட்டஸ் 1-2-3 செய்த அதே பிழையை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் ஏற்றுக்கொண்டது. இன்று அதைத் திருத்தினால் உலகெங்கும் உள்ள கோப்புகளில் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும். அதனால் மைக்ரோசாப்ட் நிரலை விட்டுவிட்டு, இது இப்படித்தான் நடக்கும் என்று தன் ஆவணத்தில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. எனக்கு இது நேர்மையான வழியாகவே படுகிறது.

போயிங்கிற்கும் அந்த வழி திறந்தே இருந்தது. நிரலைத் திருத்த மூன்று ஆண்டு ஆகும் என்றால் ஆகட்டும்; 'உங்கள் விமானத்தில் இந்த எச்சரிக்கை வராது, அதை நம்பியிருக்காதீர்கள்' என்று ஒரு பக்கத் திருத்தக் குறிப்பை எல்லா விமான நிறுவனங்களுக்கும் அனுப்ப எத்தனை நாள் பிடிக்கும்? பாதிப்பு பெரிதா சிறிதா என்ற ஆராய்ச்சி பிறகு நடக்கட்டும், முரண்பாடு தெரிந்த அன்றே பயனருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கட்சி. பாதிப்பில்லை என்று தீர்மானிப்பவர் அலுவலகத்தில் இருக்கிறார். கையேட்டை நம்புகிறவர் விமானி இருக்கையில் இருக்கிறார்.

சிறிய நிரல்களில் இந்த முரண்பாட்டைக் கணினியே பிடித்துக் கொடுக்கும். பைத்தான் மொழியில் டாக்டெஸ்ட் என்ற கருவி உண்டு. விளக்கக் குறிப்பில் நீங்கள் எழுதியிருக்கும் எடுத்துக்காட்டுகளை அது உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, குறிப்பில் உள்ள விடையும் நிரல் தரும் விடையும் வேறுபட்டால் காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டு எழுதாத இடத்தில் அதற்கும் கண் தெரியாது. அதனால் வகுப்பில் நான் இன்னொன்றையும் செய்யச் சொல்கிறேன். ஒரு குழு எழுதிய பயன்பாட்டுக் குறிப்பை, அந்த நிரலைப் பார்த்தேயிராத வேறு குழுவிடம் கொடுத்து, வரிக்கு வரி அதன்படி செய்ய வேண்டும். எழுதியவர்கள் பக்கத்தில் நின்று வாய் திறக்கக் கூடாது. அதுதான் அவர்களுக்கு மிகவும் கஷ்டம்.